கண்ணுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருநெல்வேலி மேலப்பாளையத்தில் ஒருவருக்குக் கடைவாய் வலிக்கிறது என்றால், மாத்திரை வீடு வந்து சேருமுன் யோசனைகள் வந்து சேர்ந்துவிடும். பக்கத்து வீட்டு மாமி ஒன்று சொல்வார், டீக்கடையில் ஒன்று சொல்வார்கள், துபாயிலிருக்கும் மச்சான் வாட்ஸப்பில் இன்னொன்று அனுப்புவார். எல்லாமே அக்கறையில் சொல்வதுதான். ஆனால் இந்த யோசனைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். பயப்பட வேண்டாத இடத்தில் அவை பயமுறுத்துகின்றன. பயப்பட வேண்டிய இடத்தில் தைரியம் சொல்கின்றன. கண் போய்விடும் என்று ஒரு வருஷம் பல்லை எடுக்காமல் தள்ளிப்போட்டவரே, எடுத்த அன்று சாயங்காலம் கூசாமல் பீடி பற்றவைக்கிறார்.

ஞானப்பல் என்பது தாடையின் நான்கு கோடிகளிலும் கடைசியாக வரும் பல். பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கும். சிலருக்கு நான்கும் வரும், சிலருக்கு ஒன்றிரண்டு, சிலருக்கு வராமலே போகும். மற்றப் பற்கள் இடம் பிடித்த பிறகு வருவதால் தாடையில் இடம் போதாமல் சாய்ந்தோ, படுத்தோ, பாதி எலும்புக்குள் புதைந்தோ நின்றுவிடுவது சாதாரணம். பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு மூடிபோல் கிடக்கும். அதனடியில் சோறும் கிருமியும் சேர்ந்து வீங்கினால் வாயைத் திறக்க முடியாது, எச்சில் விழுங்கவே வலிக்கும். பலரும் முதன்முதலாகப் பல் டாக்டரைத் தேடிப் போவது இந்தக் கட்டத்தில்தான். யோசனைகள் குவிவதும் இப்போதுதான்.

நம்பிக்கை: "மேல்பல்லப் பிடுங்குனா கண்ணு போயிரும்லா!"

உண்மை: போகாது. மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. பார்வையைச் சுமப்பது இரண்டாவது ஜோடி. அது விழியின் பின்பக்கமிருந்து மூளைக்குப் போகிறது. பல்லின் வலியைச் சுமப்பது ஐந்தாவது ஜோடி. அது மூன்று கிளையாகப் பிரிகிறது. முதல் கிளை நெற்றிக்கும் கண்ணைச் சுற்றிய தோலுக்கும், இரண்டாவது மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும். மூன்றுமே தொடு உணர்ச்சியையும் வலியையும் கடத்துகின்றன. பார்வை அந்த வழியில் போவதே இல்லை.

பிறகு ஏன் இத்தனை தலைமுறையாக இந்தப் பயம் நிற்கிறது? இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மேல்பல் வலி கன்னம், நெற்றிப்பொட்டு, கண்ணோரம் வரை தெறிக்கும். மூன்று கிளைகளும் ஒரே நரம்பிலிருந்து பிரிவதால் வலி எங்கிருந்து வருகிறது என்று மூளை குழம்பிப்போகிறது. இரண்டு, வயது. பல் ஆடி விழும் வயதும் கண்ணில் புரை விழும் வயதும் ஒன்றுதான். ஐம்பத்தெட்டில் பல்லை எடுத்து அறுபதில் கண் மங்கினால், பழி பல்லின் மேல் விழுகிறது. பல்லை எடுக்காமலே இருந்திருந்தாலும் அந்தப் புரை வந்திருக்கும்.

இந்தப் பயத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது. கீழ்க் கடைவாயில் பிடித்த சீழை வைத்துக்கொண்டே இருந்தால் அது நாக்கினடிக்கும் தாடையடிக்கும் கழுத்துக்கும் இறங்கக்கூடும். அங்கே வீக்கம் மிஞ்சினால் மூச்சுக்குழல் நெருங்கும். பல்லால் உயிர் போகிற ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பல்லை எடுப்பதைவிட அழுகிய பல்லை விட்டுவைப்பதற்குத்தான் நாம் பயந்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: "ஞானப்பல் வந்தாலே எடுத்துரணும். இல்லாட்டா முன்பல்லு கோணிக்கிடும்."

உண்மை: இது முந்தியதற்கு நேரெதிரான தவறு. நேராக முளைத்து, மேலும் கீழும் சேர்ந்து மென்று, பிரஷ் எட்டும்படி சுத்தமாக இருக்கும் ஞானப்பல்லைத் தொட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் அரசு மருத்துவ சேவைக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு, நோய் எதுவும் இல்லாத புதைந்த ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. முன்பல் நெருக்கம் வயதோடு வருவது. ஞானப்பல்லே இல்லாதவர்களுக்கும் அது வருகிறது.

எடுக்க வேண்டியது எப்போது? ஈறு திரும்பத் திரும்ப வீங்கினால், பல்லே சொத்தையானால், சாய்ந்து நின்று முன்னால் உள்ள பல்லை அரித்தால், பல்லைச் சுற்றி நீர்க்கட்டி வந்தால். இதில் எது என்பதை ஓபிஜி என்ற எக்ஸ்ரே காட்டிவிடும். தாடை முழுவதையும் ஒரே படத்தில் எடுப்பது அது. வேர் நரம்புக்கு மிக நெருக்கமாகத் தெரிந்தால் ஸ்கேனும் எடுக்கச் சொல்லலாம். படம் எடுக்காமலே "நாலையும் எடுத்துருவோம்" என்று யாராவது சொன்னால், காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எடுத்தாக வேண்டிய பல் என்று முடிவானால் தள்ளிப்போடுவதில் லாபமில்லை. வயது ஏற ஏற எலும்பு இறுகும், வேர் முழுதாக வளர்ந்துவிடும், காயம் ஆறவும் நாளாகும். வளைகுடாவுக்கு விசா வந்திருக்கிற பிள்ளைகள், பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. தையலைப் பார்க்கவும், சிக்கல் வந்தால் கவனிக்கவும், எடுத்த டாக்டர் பக்கத்திலிருப்பது வசதி.

நம்பிக்கை: "கிராம்பை வச்சி அமுக்கு, போயிலையை அடக்கிக்க. வலி நின்னா சரியாயிட்டு."

உண்மை: கிராம்பில் இருக்கும் யூஜெனால் வலியை மரக்கச் செய்யும் பொருள்தான். பல் டாக்டர்களே அதை மருந்தில் சேர்க்கிறார்கள். ஆனால் ஈறுக்குள் இருக்கும் சீழை அது எதுவும் செய்யாது. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து ராத்திரி முழுவதும் வைத்திருந்தால் ஈறு வெந்து புண்ணாகிவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கிக்கொள்வதும் அப்படியே. மாத்திரை வேலை செய்வது வயிற்றுக்குள் போன பிறகு. ஈறில் வைத்தால் சுடும்.

புகையிலையைப் பற்றி இரக்கமில்லாமல்தான் சொல்ல வேண்டும். அதன் போதை கொஞ்சநேரம் வலியை மறக்கடிக்கும். அந்தக் கொஞ்சநேரம் பழக்கமாகும், பழக்கம் வாய்ப்புற்றுநோய் வரை கொண்டுபோய்விடும்.

நம்பிக்கை: "முழு மயக்கம் குடுத்து, தாடையை உடைச்சுல்லா எடுப்பாங்க!"

உண்மை: பெரும்பாலோருக்கு மயக்கம் தேவையில்லை. மரத்துப்போகிற ஊசி ஒன்றிரண்டு போடுவார்கள். கீழ்ப்பல் என்றால் அந்தப் பக்கத்து உதடும் பாதி நாக்கும் மரத்து, கனத்துக் கிடக்கும். வலி தெரியாது, ஆனால் அழுத்தமும் இழுப்பும் தெரியும், சத்தமும் கேட்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். எந்த நிமிஷத்தில் சுருக்கென்று வலித்தாலும் கையைத் தூக்குங்கள். இன்னொரு ஊசி போட்டுக்கொள்ளலாம்.

நேராக முளைத்த மேல்பல் சில நிமிஷங்களில் வந்துவிடும். புதைந்த கீழ்ப்பல்லுக்கு ஈறைக் கீறி, பல்லை மூடியிருக்கும் எலும்பில் கொஞ்சத்தை நீக்கி, தேவைப்பட்டால் பல்லையே துண்டுகளாக்கி எடுத்துத் தையல் போடுவார்கள். தாடையை உடைப்பது என்று ஊரில் பேசுவது இந்தச் சின்ன எலும்பு நீக்கத்தைத்தான். முழு மயக்கம் மிகச் சிக்கலான பல்லுக்கோ, ஒத்துழைக்க முடியாத நோயாளிக்கோ மட்டும்.

ஒரு பயத்துக்கு மட்டும் ஆதாரம் உண்டு. கீழ் ஞானப்பல்லின் வேருக்குப் பக்கத்தில் உதட்டுக்கும் மோவாய்க்கும் போகும் நரம்பு ஓடுகிறது. நாக்கு நரம்பும் தூரமில்லை. அவை நசுங்கினால் உதடோ நாக்கோ வாரக்கணக்கில் மரத்துக் கிடக்கலாம். பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும். நிரந்தரமாக நின்றுவிடுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன், "எனக்கு நரம்பு எவ்வளவு பக்கத்தில இருக்கு?" என்று எக்ஸ்ரேயைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

நம்பிக்கை: "எடுத்த உடனே உப்புத்தண்ணி வச்சி நல்லா கொப்பளிச்சித் துப்பு. கெட்ட ரத்தம் போகட்டும்."

உண்மை: இந்தப் பத்தியில் ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொள்வதென்றால் இதை வையுங்கள். பல் இருந்த குழியில் உறையும் ரத்தம் கெட்ட ரத்தம் இல்லை. புண்ணின் மேல் உடம்பே போட்டுக்கொள்ளும் கட்டு அது. அதற்கடியில்தான் புதுத் திசு வளர்கிறது.

அதனால் பஞ்சைக் கடித்தபடி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இருங்கள். எச்சிலை விழுங்குங்கள், துப்பாதீர்கள். ஒரு சொட்டு ரத்தம் வாய் நிறைய எச்சிலில் கலந்தால் வாயெல்லாம் ரத்தம்போல் தெரியும். முதல் நாள் எச்சில் சிவப்பாக இருப்பது சகஜம். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்க வேண்டாம். அதன் பிறகு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்து அலசினால் போதும். நாலைந்து நாளைக்கு ஸ்ட்ராவும் கூடாது. இளநீரானாலும் ஜிகர்தண்டாவானாலும் டம்ளரில் ஊற்றியே குடியுங்கள், உறிஞ்சினால் குழியில் உறைந்த ரத்தக்கட்டி பிடுங்கிக்கொண்டு வரும்.

அந்தக் கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போனால் குழிக்குள் எலும்பு வெறுமையாகத் தெரியும். டாக்டர்கள் இதை டிரை சாக்கெட் என்பார்கள். வலி குறைந்து வந்த நேரத்தில், மூன்றாம் நாள் நாலாம் நாள் வாக்கில், காது வரை தெறிக்கிற வலியும் வாய்நாற்றமும் வந்தால் அதுதான். மற்றப் பல்லைவிடக் கீழ் ஞானப்பல்லில் இது அதிகம். புகைப்பவர்களுக்கு இன்னும் அதிகம். மேலப்பாளையத்தில் பீடி சுருட்டிப் பிழைக்கும் வீடுகள் ஏராளம்; பீடி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். உறிஞ்சும் விசை கட்டியைப் பெயர்க்கும், புகை ரத்த ஓட்டத்தைச் சுருக்கும். எடுப்பதற்கு முன்னும் பின்னும் சில நாளாவது விட்டுத்தான் ஆக வேண்டும். டிரை சாக்கெட் வந்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் திரும்பிப் போங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்தால் அன்றைக்கே வலி பெருமளவு அடங்கும்.

நம்பிக்கை: "மறுநாள் மூஞ்சி வீங்கிட்டுன்னா டாக்டருக்குக் கைராசி இல்ல."

உண்மை: எலும்பைத் தொட்டு எடுத்த பல்லுக்கு வீக்கம் வரத்தான் செய்யும். அது முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கி ஒரு வாரத்தில் வடியும். வாய் இரண்டு விரலுக்குமேல் திறக்காமல் இறுகுவதும், கன்னத்தில் பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிப்போவதும் இதே கணக்குத்தான்.

முதல் நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளியே பத்து நிமிஷம் வைத்து, கொஞ்சநேரம் விட்டு, மறுபடி வையுங்கள். அன்றைக்கே வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதுதான் தப்பு. வீக்கமும் ரத்தக்கசிவும் கூடும். சூட்டு ஒத்தடம் இறுக்கம் தளர்வதற்கு, இரண்டாம் நாளுக்குப் பிறகு. தலையணையை உயர்த்திப் படுங்கள்.

சாப்பாட்டில் ஆறிய கஞ்சி, தயிர் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி, மசித்த பருப்பு, ஐஸ்கிரீம் எல்லாம் சரி. மரப்பு தெளியும்வரை எதையும் மெல்லாதீர்கள். கன்னத்தையும் உதட்டையும் கடித்துக்கொண்டாலும் தெரியாது. மிக்சரும் முறுக்கும் ஒரு வாரம் காத்திருக்கட்டும். நம் ஊர் அல்வா மெல்ல வேண்டாத பண்டம்தான், ஆனால் சூடும் பிசுக்கும் புதுப் புண்ணுக்கு ஆகாது. பட்டு நூல் தையலை ஏழு நாள் வாக்கில் பிரிப்பார்கள். கரையும் நூலென்றால் தானே போய்விடும். ஈறு மூடச் சில வாரங்கள், குழிக்குள் எலும்பு நிறையச் சில மாதங்கள் ஆகும்.

நம்பிக்கை: "மெடிக்கல்ல செட் மாத்திரை வாங்கிப் போட்டாப் போதும். ஆன்டிபயாட்டிக் இல்லாம புண்ணு ஆறாது."

உண்மை: காயத்தை ஆற்றுவது உடம்பு. ஆன்டிபயாட்டிக் கிருமியை மட்டும்தான் கொல்லும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2021-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒரு கணக்குச் சொல்கிறது: ஞானப்பல் எடுத்த சுமார் 19 பேருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால்தான் ஒருவருக்குக் கிருமித் தொற்று தடுக்கப்படுகிறது. யாருக்கு வேண்டும் என்பதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள். கொடுத்தால் சொன்ன நாள் வரை முழுதாகச் சாப்பிட வேண்டும். மெடிக்கல் கடையில் பெயர் தெரியாத நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

வலிக்கு என்ன? இதே பல்லை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் காக்ரேன் சொன்னது, இபுபுரூஃபன் பாரசிட்டமாலைவிட நன்றாகக் கேட்கிறது என்று. ஆனால் அல்சர், சிறுநீரகக் கோளாறு, இபுபுரூஃபன் ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமா, கர்ப்பம், டெங்கு சந்தேகம் உள்ள காய்ச்சல் என்றால் அதைத் தொடக்கூடாது. இவற்றில் எது இருந்தாலும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மரப்பு முழுவதும் தெளியுமுன்பே முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டால் வலி தலைதூக்காது.

நம்பிக்கை: "சுகர் இருக்கவங்களும் ஹார்ட்டுக்கு மாத்திரை சாப்பிடுறவங்களும் பல்லே பிடுங்கக்கூடாது."

உண்மை: சுகர் கட்டுப்பாட்டில் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். அழுகிய பல்லே சுகரை ஏற்றிவிடும் என்பதால் எடுப்பதுதான் நல்லது. வெறும் வயிற்றோடு போகாதீர்கள்; காலையில் சாப்பிட்டு, மாத்திரையோ இன்சுலினோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டு, காலை நேரத்திலேயே போங்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. ஈறில் கசியும் ரத்தத்தைப் பஞ்சாலும் தையலாலும் நிறுத்திவிடலாம். ஸ்டென்ட் அடைத்தால் அப்படி முடியாது. செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு ரத்தப் பரிசோதனையும், எடுப்பதற்கு முன் ஆன்டிபயாட்டிக்கும் தேவைப்படும். புற்றுநோய்க்காகத் தாடையில் கதிர்வீச்சு எடுத்தவர்களும், எலும்பு வலுவுக்கு ஊசி போடுகிறவர்களும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்; அவர்களுக்குத் தாடையெலும்பு ஆறாமல் போகிற வாய்ப்பு உண்டு. வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டை, பழைய சீட்டு அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்விடுங்கள்.

நம்பிக்கை: "நோன்பு நேரத்துல பல்லைத் தொட்டாலே நோன்பு முறிஞ்சிரும்."

உண்மை: ரமலான் மாதத்தில் வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு முப்பது நாளைத் தள்ளுகிறவர்கள் நம் ஊரில் உண்டு. 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நோன்பை முறிக்காதவை என்று போட்ட பட்டியலில் பல் எடுப்பதையும் சேர்த்திருக்கிறது, தொண்டைக்குப் போவதை விழுங்காமல் தவிர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஐயம் இருந்தால் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவக் கணக்கு வேறு. எடுத்த பிறகு எச்சிலைத் துப்பாமல் விழுங்க வேண்டும், அதில் ரத்தம் கலந்திருக்கும். வேளைக்கு மாத்திரையும் தண்ணீரும் வேண்டும். அவசரமில்லாத பல்லென்றால் பெருநாள் கழித்தோ, நோன்பு திறந்த பிறகு இரவு கிளினிக்கிலோ வைத்துக்கொள்வது எளிது. ஆறவைத்த நோன்புக் கஞ்சியைவிடத் தோதான சாப்பாடும் அன்றைக்குக் கிடைக்காது. சீழும் காய்ச்சலுமாக இருந்தால் காத்திருக்கக்கூடாது. நோயாளி நோன்பை விட்டு, பிறகு அதை நோற்று ஈடுசெய்ய (களாச் செய்ய) மார்க்கத்திலேயே இடமிருக்கிறது.

நம்பிக்கை: "பல்லுதானே, யாரு பிடுங்குனா என்ன?"

உண்மை: பதிவு பெற்றவர்தான் பல் வைத்தியம் பார்க்கலாம் என்பது இந்நாட்டு விதி. படிப்பும் பதிவு எண்ணும் பலகையில் இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. பணம் யோசிக்கிறவர்களுக்கு ஹைகிரவுண்டில் 1965-இலிருந்து இயங்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. மேலப்பாளையத்திலிருந்து ஆற்றைக்கூடத் தாண்ட வேண்டாம். காவல்கிணறில் ராஜாஸ் பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு.

பதிவு மட்டும் போதாது, சுத்தமும் வேண்டும். 2022-23-இல் வட தமிழகத்தில் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியா நோய் சிலருடைய மூளையைத் தாக்கியது. அவர்களில் பத்துப் பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்குக்குப் போனவர்கள். அந்தப் பத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள். 2025-இல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு சுட்டிய காரணம் மிகச் சிறியது: சலைன் பாட்டிலைக் கிருமி நீக்காத கருவியால் திறந்து, மிச்சத்தை அடுத்தவருக்கும் பயன்படுத்தியது. ஆகவே, கருவிகளை மூடிய உறையிலிருந்து உங்கள் கண்முன் பிரிக்கிறார்களா, ஊசி புதிதா, சலைன் புதிதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

எடுத்த பிறகு எப்போது ஓட வேண்டும்? பஞ்சை அரைமணி நேரம் அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்காவிட்டால். மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கமோ வலியோ இறங்காமல் ஏறினால். காய்ச்சலும் சீழும் வந்தால். மறுநாளும் உதடு மரத்தே இருந்தால் டாக்டருக்குத் தகவல் சொல்லுங்கள். விழுங்க முடியாமல் போனாலோ, நாக்கினடி தூக்கிக்கொண்டாலோ, மூச்சு முட்டினாலோ ராத்திரி எத்தனை மணியானாலும் 108-ஐக் கூப்பிட்டு நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். விடியட்டும் என்று யார் சொன்னாலும் அந்த யோசனையை மட்டும் கேட்காதீர்கள்.